உங்கள் ஊர்க் குட்டையைக் கையில் எடுங்கள்: கொங்கு இளைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் வந்தால் ஊருக்கு ஊர் மரக்கன்று நடுகிறோம். ஒரு கன்றைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு படமும் எடுக்கிறோம். ஆனால் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் அந்த மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் அடிக்கும். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆவணிக்குள் கன்று காய்ந்துவிடும், அடுத்த ஜூனில் அதே குழியில் இன்னொரு கன்று வைப்போம். நம் பிள்ளைகளிடம் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள். ஒரு குட்டையோ, ஒரு பள்ளமோ (ஓடை), ஒரு குளத்தின் ஒரு கரையோ போதும். அதை ஒரு வருடம் விடாமல் கவனியுங்கள். மரம் நடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு வருடத்துக்கான வழி.

குட்டைக்கும் பருவநிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் நாடு நம்முடையது. பெய்வதே குறைவு. பூமி சூடாகச் சூடாக அந்தக் குறைந்த மழையும் பல நாள் நிதானமாகப் பெய்யாமல் சில நாளில் கொட்டித் தீர்க்கும், பிறகு நீண்ட வறட்சி வரும். ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 40,000 லிட்டருக்கு மேல். அதை ஊரிலேயே நிறுத்தினால் கிணறு ஊறும். நிறுத்தாவிட்டால் மேல்மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆயிரம் அடி போர் போட்டும் காற்றுதான் வருகிறது என்று தவிக்கும் ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

படி 1: ஐந்து பேர் போதும்

வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வருவது ஐந்து பேர். அந்த ஐந்து பேரை வைத்தே தொடங்குங்கள். ஒருவர் ஊரிலேயே தங்கி விவசாயம் பார்ப்பவராக இருக்கட்டும். ஒருவர் கல்லூரி மாணவராக இருந்தால் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமை உங்கள் ஊருக்கே கொண்டுவர முயற்சி செய்யலாம். இரண்டு பேராவது பெண்களாக இருக்க வேண்டும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்போது உப்பானது, எந்தப் பள்ளத்தில் சாக்கடை கலக்கிறது என்பது தண்ணீர் சுமக்கிறவர்களுக்கும் ஆடு மேய்க்கிறவர்களுக்கும்தான் முதலில் தெரியும்.

ஒரு சாதி, ஒரு கட்சி, ஒரே தெருப் பையன்கள் மட்டும் சேர்ந்த குழு என்று பெயர் வந்துவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். குட்டை எல்லாத் தெருவுக்கும் பொது. அதனால் குழுவிலும் எல்லாத் தெரு ஆட்களும் இருக்கட்டும். கொடி, பேனர், நன்கொடை ரசீது எதுவும் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

படி 2: தண்ணீர் வரும் வழியே நடந்து பாருங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். அவசரப்பட்டு இதைத் தாண்டிவிடாதீர்கள்.

முதலில் ஊரில் எழுபது வயது தாண்டிய ஒருவரிடம் போய் உட்காருங்கள். "ஏனுங்கய்யா, நம்ம குட்டை கடைசியா எப்பங்க ரொம்புச்சு? தண்ணி எந்தப் பக்கமிருந்துங்க வரும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பள்ளத்தின் பெயரையும் காட்டின் (மானாவாரி நிலத்தின்) பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு குட்டையிலிருந்து மேட்டுப் பக்கமாக நடங்கள்.

நடக்கும்போது பார்க்க வேண்டியவை: நீர்வரத்து வாய்க்கால் எங்கே மண்மூடிக் கிடக்கிறது? எந்தச் சாலைக்கு அடியில் குழாய்ப்பாலம் அடைத்திருக்கிறது? எந்த வேலி வாய்க்காலுக்குள் இறங்கி நிற்கிறது? எங்கே கோழிப்பண்ணைக் கழிவு, எங்கே வீட்டுச் சாக்கடை, எங்கே பனியன் கம்பெனிக் கழிவுத்துணி? ஒவ்வொரு இடத்திலும் கைப்பேசியில் இடக்குறியோடு படம் எடுங்கள். அடுத்து குட்டையின் கீழ்ப்பக்கம் போங்கள். கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்) எங்கே, நிரம்பினால் தண்ணீர் எந்தக் குட்டைக்குப் போகும் என்று பாருங்கள்.

நொய்யலின் பழைய அமைப்பே இப்படித்தான். வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் தொடங்கி கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்கள் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு அது. வழியில் தடுப்பணைகளிலிருந்து ராஜவாய்க்கால் பிரிந்து ஒரு குளத்தை நிரப்பும், அந்தக் குளம் வழிந்து அடுத்ததற்குப் போகும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் எல்லாம் அப்படிச் சங்கிலியாகக் கோத்த குளங்கள். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ளவை எல்லாம் காயும். பல ஊரில் குட்டையை ஆழப்படுத்தியும் தண்ணீர் நிற்காததற்குக் காரணம் குட்டையில் இல்லை. ஒரு கிலோமீட்டர் மேலே அடைபட்ட குழாய்ப்பாலத்தில் இருக்கிறது.

அவிநாசி, அன்னூர், பெருந்துறை, சென்னிமலை வட்டாரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரைக் குழாயில் ஏற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுப்பது அதன் நோக்கம். உங்கள் குட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறதா? கரையோரம் குழாய் வந்திருக்கிறதா? எந்தெந்த நாளில் தண்ணீர் விட்டார்கள், எத்தனை மணி நேரம்? இதைத் தேதியோடு எழுதிவைக்கும் ஒரு இளைஞர் இருந்தால் அதிகாரிகளிடம் அந்த ஊரின் பேச்சுக்கே தனி எடை வரும்.

படி 3: காகிதங்களைத் தேடுங்கள்

உங்கள் தலைமுறையிடம் இருக்கும் பெரிய பலம் இது. இணையத்தில் தேடவும், விண்ணப்பம் எழுதவும், பதில் வரும்வரை விடாமல் கேட்கவும் உங்களால் முடியும். ஊர்ப் பெரியவர்களில் பலருக்கு இதுதான் எட்டாமல் இருக்கிறது.

குட்டையின் புல எண்ணை (சர்வே நம்பர்) கண்டுபிடியுங்கள். அரசின் நில ஆவண இணையதளத்திலேயே அ-பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் எடுக்கலாம். அதில் 'குட்டைப் புறம்போக்கு', 'ஓடைப் புறம்போக்கு' என்று வகைப்பாடு இருக்கும், பரப்பும் இருக்கும். அந்தப் பரப்பையும் நீங்கள் நடந்து பார்த்த பரப்பையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். வேலி போட்டிருப்பவர் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மாமனாகவோ பங்காளியாகவோதான் இருப்பார். அளந்து எல்லைக்கல் காட்டும் வேலையை நில அளவையர் செய்யட்டும். ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது அதிகாரிகளின் பொறுப்பு. உங்கள் வேலை ஆவணத்தை மேசையில் வைப்பதோடு முடிகிறது.

யாரிடம் போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள குளம் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம், ஊர்க் குட்டைகள் ஊராட்சியிடம். இது தெரியாமல் ஒரு மனுவோடு மூன்று அலுவலகம் அலைகிறவர்கள் நிறையப் பேர்.

கேட்ட விவரம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்டால் நழுவுவார்கள். "கடந்த 5 ஆண்டுகளில் இந்தப் புல எண்ணில் உள்ள குட்டைக்கு ஒதுக்கிய தொகை, செய்த வேலை, அளவுப் புத்தக (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல்" என்று கேளுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும்.

படி 4: எண்ணுங்கள், அளங்கள், எழுதுங்கள்

மூன்று கணக்கு போதும்.

முதலாவது மழை. நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவை மொட்டைமாடியில் திறந்த இடத்தில் வைத்து, தினம் காலை ஒரே நேரத்தில் அடிக்கோல் விட்டுப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறதோ அதுதான் உங்கள் ஊர் மழை.

இரண்டாவது தண்ணீர். குட்டையைச் சுற்றி நான்கைந்து கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரில் உப்பின் அளவையும் பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்றும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. திடீரென்று ஒரு மாதத்தில் எண் எகிறினால் எங்கேயோ ஏதோ கலக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கின் அருமை நொய்யல் கரைக்காரர்களுக்குத் தெரியும். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயத்தண்ணி தேங்கும் தொட்டியாகிப் போனது. கீழே உள்ள தோட்டங்களில் தென்னை பட்டுப்போனது, கிணறுகள் பாழாயின. விவசாயிகள் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்புக்கு மாறிய பிறகே அவை மறுபடி ஓடின. அப்படி ஒரு வழக்கில் நீதிபதி முன் கண்ணீர் மட்டும் போதாது. தேதி போட்ட அளவீடுகளும் வேண்டும்.

மூன்றாவது பறவை. இது எல்லாருக்கும் பிடித்துப்போகும். காலை ஆறரை மணிக்குக் கரையில் பதினைந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முக்குளிப்பான் மூழ்கி எங்கே எழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிமூக்கு வாத்து ஜோடி இறங்கும். சேற்று விளிம்பில் நெடுங்கால் உள்ளான் சிவப்புக் காலை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கும். நீங்கள் ஒரு அடி நகர்ந்தால் ஆள்காட்டி ஊரையே கூப்பிடும். கண்டதையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் செயலியில் ஏற்றுங்கள். பெயர் தெரியாவிட்டால் மெர்லின் செயலி உதவும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. உங்கள் குட்டையை அதில் சேர்த்துவிடுங்கள்.

இந்தப் பட்டியல் எதற்கு ஆகும் என்று நினைக்க வேண்டாம். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளை அங்கே பார்க்கலாம். அந்தக் குளத்துக்கு வாரம் தவறாமல் போய் எழுதிவைத்த உள்ளூர் ஆர்வலர்கள் இல்லாமல் அது வெறும் கழிவுநீர்க் குளமாகவே கணக்கில் இருந்திருக்கும். ஈரோடு பக்கத்து வெள்ளோடு சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை தம் ஊருடையது என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது.

படி 5: கிராம சபையில் பேசுங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லாரும் உறுப்பினர். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நம் விஷயத்துக்கு அதுவே தோதான நாள்.

ஊராட்சித் தலைவரையோ, தலைவர் இல்லாதபோது தனி அலுவலரையோ முன்கூட்டியே போய்ப் பாருங்கள். கூட்டத்தில் திடீரென்று எழுந்து குற்றம் சொன்னால், நல்லது செய்ய நினைப்பவரும் எதிரியாகிவிடுவார். கோரிக்கையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: புல எண், நிலைமை, படம், வேண்டுவது. ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கைதான். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வாயால் "செஞ்சரலாம் தம்பி" என்று சொன்னதைப் பிறகு எங்கேயும் காட்ட முடியாது.

இன்னொன்றும் கேளுங்கள். பல்லுயிர்ச் சட்டம் 2002-ன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேடு எங்கே? உங்கள் பறவைப் பட்டியலும் மரப்பட்டியலும் அதில் ஏற வேண்டியவை.

படி 6: கையில் மண்வெட்டி

இத்தனைக்கும் பிறகுதான் கையால் செய்யும் வேலை. குப்பை அள்ளும்போது கையுறையும் காலணியும் கட்டாயம். புதருக்குள் கண்ணாடி விரியன் இருக்கும், குச்சியால் தட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஆழம் தெரியாத குட்டையில் யாரும் இறங்கக்கூடாது, நீச்சல் தெரிந்தவரும்தான். அள்ளிய குப்பையைக் கரையிலேயே கொளுத்திவிட்டுப் போவது செய்த வேலையைக் கெடுத்துக்கொள்வது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் குப்பை பள்ளத்தில் கிடந்தால், அவர்களைத் திட்டுவதற்கு முன் அங்கே குப்பை வண்டி வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வராது. அந்த வண்டியை வரவைப்பதுதான் தீர்வு.

ஆகாயத்தாமரை விஷயத்தில் ஏமாறாதீர்கள். எத்தனை லாரி அள்ளினாலும், சாக்கடை கலக்கும்வரை சில வாரத்தில் மறுபடி மூடிவிடும். அதற்குச் சோறு போடுவது சாக்கடைதான். முதலில் அதை நிறுத்துங்கள்.

தூர்வாருவதற்கு வட்டாட்சியரின் அனுமதி பெற்று விவசாயிகள் வண்டல் மண்ணை இலவசமாகத் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஏக்கர் குட்டையில் ஒரு அடி மண் எடுத்தால் 24 லட்சம் லிட்டருக்கு மேல் கூடுதலாக நிற்கும். ஆனால் ஒரே ஓரத்தில் கிணறு போல் தோண்டவிடாதீர்கள். விளிம்பு சரிவாக, ஆழம் குறைவாக இருந்தால்தான் உள்ளானும் கொக்கும் நின்று மேயும், தவறி விழுந்த ஆடும் குழந்தையும் ஏறி வரும். கரையைச் சுற்றிச் சிமெண்ட் பூசி நடைபாதை போடும் திட்டம் வந்தால், அந்தச் சேற்று விளிம்பு என்ன ஆகும் என்று கூட்டத்தில் கேட்க வேண்டியது நீங்கள்தான்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். புறம்போக்கு மரம் ஊராட்சிச் சொத்து, தீர்மானம் இல்லாமல் தொடாதீர்கள். நடுத்திட்டில் உள்ள மரத்தில் கொக்கு கூடு வைத்திருந்தால் குஞ்சு பறக்கும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

படி 7: இப்போது மரம், அதுவும் இடம் பார்த்து

வடகிழக்கு மழை தொடங்கியதும் நடுங்கள். நீர் ஓரத்தில் நீர்மருது, நாவல், புங்கன். மேட்டில் வேம்பு, வெள்வேல், ஊஞ்சை. கரை நெடுகப் பனங்கொட்டை போடுங்கள், கரை கட்டுப்படும். ஐந்து பேர் கொண்ட குழுவால் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற முடிவது ஐம்பது கன்றுகள் என்றால் ஐம்பதே நடுங்கள். ஆயிரம் என்று செய்தி கொடுக்க வேண்டியதில்லை.

கொறங்காட்டில் மட்டும் காடு வளர்க்கக் கிளம்பாதீர்கள். காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் நம் முன்னோர் உருவாக்கிய மேய்ச்சல் நிலம் அது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்தாலும் உதிரும் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. பங்கு பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பார்கள், புல் மறுபடி தழைக்கும். பாசனம் கிடையாது, உரம் கிடையாது, வறட்சிக்கு அசையாது. கரியை (கார்பனை) தன் வேரில் மண்ணுக்குள் சேர்த்துவைக்கும். காங்கேயம் மாடு நிற்பதே இந்தப் புல்லின் மேல்தான். 2017-ல் நாட்டு மாட்டுக்காகத் தெருவில் நின்ற பிள்ளைகள் அதன் மேய்ச்சல் நிலத்துக்காகவும் நிற்க வேண்டும். வீட்டில் கொறங்காடு இருந்தால் அதைச் சைட் போட்டு விற்கும் பேச்சு வரும்போது வாய் திறந்து பேசுங்கள். வேலியில் சந்து விழுந்த இடத்தில் மழைக்கு முன் கிளுவைக் குச்சி நட்டால் போதும், பிடித்துக்கொள்ளும்.

படி 8: வீட்டுக் கணக்கு

குட்டை நிரம்பினாலும் நிலக்கரியும் டீசலும் எரிவது நிற்காது. பூமியைச் சூடாக்குவதன் வேர் அதுதான். வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்து இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். அதிகம் என்றால் கூரைமேல் சூரிய மின்சாரம் பற்றி அப்பாவிடம் பேசலாம். 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். தோட்டத்தில் இன்னும் வாய்க்கால் பாசனம் என்றால் சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயி சான்றுக்கு விண்ணப்பிப்பது, தோட்டக்கலை அலுவலகத்துக்கு நடப்பது, படிவம் நிரப்புவது என்று அப்பா தள்ளிப்போடும் வேலையெல்லாம் உங்களால் ஒரு வாரத்தில் முடியும்.

படி 9: நோட்டைக் கைமாற்றுங்கள்

உங்களில் ஒருவர் பெங்களூருக்கு வேலைக்குப் போவார், ஒருவர் கல்யாணமாகி வேறு ஊர் போவார். குழு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் முதல் வருடத்திலேயே பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பசுமைப்படை (மாணவர் சுற்றுச்சூழல் மன்றம்) இருந்தால் ஆசிரியர் வழியாகக் கேட்கலாம். மழைக் கணக்கை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

மழை, கிணறு, பறவை, மனு, பதில், செலவு எல்லாம் ஒரே நோட்டில் தேதியோடு இருக்கட்டும். அதன் படங்களை இணையத்தில் ஒரு பொதுவான கோப்புறையில் வைத்து, கடவுச்சொல்லை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஊராட்சிக்கு ஒரு நகல், பள்ளிக்கு ஒரு நகல். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும் ஒன்று, ஏனென்றால் உங்கள் கலிங்கு வழிந்தால் தண்ணீர் போவது அவர்கள் குட்டைக்குத்தான்.